முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின்: பார்த்துக்கொள்பவர்களுக்கு

முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவரின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். இதில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கொஞ்சம் மடங்கியிருந்தால்தான் வீங்கிய முட்டிக்கு இதமாக இருக்கும். அதனால் அவரே தலையணை கேட்பார். வலியில் சுருங்கிய முகத்தைப் பார்த்தால் நமக்கும் மனசு கேட்காது. ஆனால் இரண்டு வாரம் அப்படியே கிடந்தால் முட்டிக்குப் பின்னாலுள்ள சவ்வும் தொடையின் பின்தசையும் அந்த அளவுக்கே சுருங்கிக்கொள்ளும். அதன்பின் கால் முழுதாக நீளாது. 10 டிகிரி மடங்கியே இருக்கிற காலில் நிற்பவருக்கு, நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். சீக்கிரம் களைத்துப்போவார், கால் குட்டையானதுபோல் தாங்கித் தாங்கி நடப்பார், நாளடைவில் இடுப்பும் வலிக்கும். தலையணை வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வையுங்கள். முட்டிக்குப் பின்னால் கை நுழைகிற அளவு வெற்றிடம் இருக்க வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரின் வேலை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி வேலை அடுத்த ஆறு வாரம் வீட்டில் நடக்கிறது. அதைப் பெரும்பாலும் கெடுப்பது பாசம்தான். "நீங்க எழுந்திரிக்காதீங்கம்மா, தண்ணி நான் கொண்டுவரேன்" என்று சொல்லும்போதெல்லாம் இருபது அடி நடை குறைகிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை அப்படிச் சொன்னால் அன்றைய நடையே போயிற்று. அவருக்கு உதவ வேண்டும் என்றால் தண்ணீரை எடுத்துக்கொண்டு வராதீர்கள், அவர் எடுக்கப் போகும்போது கூடவே நடங்கள்.

இங்கே சொல்வது, சிமென்ட் வைத்துப் பொருத்திய முழு முட்டி மாற்று ஒரு காலில் சிக்கலில்லாமல் முடிந்தவர்களுக்கு. எலும்பு முறிந்து பிளேட்டோ கம்பியோ வைத்தவர்களுக்குக் காலை ஊன்றும் விதியே வேறு, இதை அவர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். உங்கள் டாக்டர் டிஸ்சார்ஜ் சீட்டில் மாற்றி எழுதியிருந்தால் அவர் எழுதியதுதான் செல்லும்.

காலை ஊன்றினால் உள்ளே நகர்ந்துவிடாதா?

நகராது. இந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதனால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும், தேய்ந்த பகுதியோடு, சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்திருப்பார்கள். மேலே ஓர் உலோகத் தொப்பி, கீழே ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். இவற்றை எலும்போடு பிடித்துவைக்கும் சிமென்ட், தையல் போடுவதற்கு முன்பே, தியேட்டரிலேயே இறுகிவிடுகிறது. அதனால்தான் அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்கிறார்கள். புதிய மூட்டு முதல் நாளே உடம்பு எடையைத் தாங்கும். வலிப்பதெல்லாம் அதைச் சுற்றி வெட்டித் தைத்த தோலும் சவ்வும் தசையும்தான். அவை ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். அசையாமல் வைத்திருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பாகி இறுகிப்போகும்.

வீட்டுக்கு வருமுன் செய்துவைக்க வேண்டியவை

பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முந்தின வாரமே வீட்டை ஒருமுறை வாக்கர் வைத்து நடந்து பாருங்கள். குளியலறைக் கதவு வாக்கரைவிடக் குறுகலாக இருப்பது அப்போதுதான் தெரியும்.

கால்மிதி, ஓரம் சுருண்ட பாய், நடைவழியில் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கட்டில் வேண்டும், தரையில் படுக்கை ஆகாது. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், முட்டி இடுப்பைவிட உயரமாகப் போகக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு 18 அங்குலம் சரியாக வரும். நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம், ஏனென்றால் எழும்போது முதல் சில வாரம் கைதான் பாதி எடையைத் தூக்குகிறது. ஆழமான சோபாவும் சாய்வு நாற்காலியும் வேண்டாம். அதில் உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் இழுக்க வேண்டிவரும்.

கக்கூஸ்தான் பெரிய பிரச்சினை. வீட்டில் இந்திய முறைக் கழிப்பறை மட்டும் இருந்தால், நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலியைச் சர்ஜிக்கல் கடையில் வாங்கி, அதன் அடிச்சட்டியை எடுத்துவிட்டு, பீங்கானுக்கு மேலே நிறுத்தலாம். நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் உறுதியாக நிற்கின்றனவா என்று முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். மேடை கட்டிய பழைய கழிப்பறைகளில் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். வெஸ்டர்ன் கமோட் இருந்தாலும் உயரமானவர்களுக்கு அது தாழ்வுதான். 4 அங்குல உயர்த்தி ஒன்றை மேலே பொருத்தினால் எழுவது சுலபம். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள், அது கையோடு வந்துவிடும். சுவரில் துளையிட்டு முடுக்கிய கைப்பிடிக் கம்பி வேறு, அது வேறு.

காலுக்குப் பின்பட்டை உள்ள, அடி வழுக்காத செருப்பு. ரப்பர் ஹவாய் செருப்பு கழன்று வாக்கர் காலில் மாட்டும். புடவை கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், நைட்டி என்றால் நீளத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில் அந்தப் பக்கம் நடைப்பயிற்சி வேண்டாம்.

முதல் வாரத்து வலி

ஆஸ்பத்திரியில் "வலியே இல்லை" என்று சிரித்தவர் வீட்டுக்கு வந்த அன்று அழுவார். ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதுகில் போட்ட ஊசியும் நரம்பு மரப்பு மருந்தும் முட்டிக்குள்ளேயே செலுத்திய மருந்தும் முழுதாக வடிவது இரண்டாவது, மூன்றாவது நாளில்தான். வீக்கம் உச்சத்துக்குப் போவதும் முதல் வாரத்தில்தான். இரண்டும் சேர்ந்து வீட்டுக்கு வருகிற நாளில் விழுகின்றன.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் பெரிய தப்பு, வலி வந்த பிறகு போடுவது. முதல் பத்து நாளாவது பாராசிட்டமாலை டாக்டர் எழுதிய நேரப்படி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுங்கள். ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம். உடற்பயிற்சிக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் முன்பாக மாத்திரை உள்ளே போயிருந்தால் பயிற்சி நன்றாக நடக்கும். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு எந்தக் கணக்கிலும் 4 கிராமைத் தாண்டக்கூடாது. வயதானவர்கள், ஒல்லியானவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: டிரமடால் என்ற வீரியமான வலி மருந்து கலந்து வரும் பல மாத்திரைகளில் ஏற்கெனவே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். அதோடு 650 மாத்திரையையும் தனியாகப் போட்டால் கணக்கு தெரியாமல் ஏறும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்து ஒரு தாளில் எழுதி, கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிரமடால் தலைசுற்றலும் குமட்டலும் தரும், மலத்தைக் கட்டிவிடும். மூன்று நாள் மலம் போகாமல் முக்கிக்கொண்டிருந்தால் முட்டி வலியைவிட அது பெரிய வேதனை. முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, கொய்யா, இசப்கோல், தேவைப்பட்டால் டாக்டர் எழுதும் மலமிளக்கி. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கூடுதலாகக் கொடுக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ ரிவராக்சபானோ அபிக்சபானோ, அல்லது வயிற்றுத் தோலில் போடும் ஊசியோ எழுதியிருப்பார்கள். சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு ஐந்து வாரம் வரை. "வலி மாத்திரை வேண்டாம், சூடு" என்று மொத்தமாக நிறுத்தும்போது இதையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். இது வலி மாத்திரை இல்லை. அட்டையில் பேனாவால் பெரிதாகக் குறித்துவையுங்கள்.

ஐஸ் வைப்பது நல்ல வைத்தியம். பிளாஸ்டிக் பையில் நொறுக்கிய ஐஸைப் போட்டுத் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, முக்கியமாகப் பயிற்சிக்குப் பின். முட்டியைச் சுற்றித் தோல் மரத்திருப்பதால் ஐஸ் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. துண்டில்லாமல் வைக்க வேண்டாம், நடுவில் ஒருமுறை எடுத்துத் தோலைப் பாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வீக்கத்தைக் கூட்டும். தைலம், எண்ணெய், உருவிவிடுதல் வேண்டவே வேண்டாம். காயத்துக்குக் கெடுதி என்பதோடு, கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருந்து அதை அழுத்தி உருவினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

நான்காம் ஐந்தாம் நாளில் தொடையிலும் கெண்டைக்காலிலும் கணுக்கால் வரைக்கும்கூடக் கருநீலமாகக் கன்றிப்போகும். பார்க்கப் பயமாக இருக்கும். உள்ளே கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குவதுதான். பச்சையாகி, மஞ்சளாகி இரண்டு மூன்று வாரத்தில் மறைந்துவிடும்.

நீட்டலும் மடக்கலும்

எல்லாரும் மடக்குவதைத்தான் கேட்பார்கள். "எத்தனை டிகிரி வந்திருக்கு?" என்று சொந்தக்காரர்கள் போனில் விசாரிப்பார்கள். நீட்டலை யாரும் கேட்பதில்லை. மடக்கலை மூன்று மாதம்வரை முன்னேற்றலாம். நீட்டலில் முதல் சில வாரத்தில் விட்டதைப் பிடிப்பது கடினம். அதனால் பயிற்சியை அங்கிருந்தே தொடங்குங்கள்.

மல்லாந்து படுக்கவைத்து, குதிகாலுக்கு மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டி அந்தரத்தில் நிற்கும், தன் எடையாலேயே மெல்ல இறங்கும். 10 நிமிடம், முடிந்தால் 15, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. பின்பக்கம் இழுக்கும், அது இழுக்கத்தான் வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டு தொடைத் தசையை இறுக்கி முட்டியைப் படுக்கை நோக்கி அழுத்தச் சொல்லுங்கள்: ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட்டு, பத்து தடவை. முதல் நாட்களில் தசை கட்டளைக்குக் கீழ்ப்படியாது. "அழுத்துறேன், ஒண்ணும் ஆகலையே" என்பார். முட்டிக்குள் நீர் கோர்த்து வீங்கியிருக்கும்போது மூளையே அந்தத் தசையைத் தணித்துவைக்கிறது, பலம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தொடையின் மேல் உங்கள் கையை வைத்து, "என் கைக்கு அடியில் இறுக்குங்க" என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். அதே காலை நீட்டியபடி ஒரு சாண் உயரம் தூக்க முடிகிற நாளில் அவரால் கால் மடங்காமல் நிற்கவும் முடியும்.

மடக்குவதற்கு, படுத்தபடி குதிகாலைப் படுக்கையில் தேய்த்து இடுப்பை நோக்கி இழுப்பது ஒன்று. காலுக்கடியில் ஒரு வழுவழுப்பான பாலித்தீன் பையை வைத்தால் சுலபமாக வழுக்கும். இன்னொன்று, நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலை ஆபரேஷன் காலின் முன்பக்கம் குறுக்கே வைத்து மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, பத்து எண்ணி, விடுவது. ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று நான்கு தடவை. வேறொருவர் பிடித்து அமுக்கி மடக்குவது கூடாது. வலியில் அவர் தசையை எதிர்த்து இறுக்குவார், மறுநாள் வீங்கும், அதற்கு மறுநாள் மடங்குவது இன்னும் குறையும்.

பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது ரத்தம் உறையாமலிருக்க. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து இருபது முறை. டி.வி. விளம்பரம் வரும்போதெல்லாம் ஆட்டச் சொன்னால் மறக்காது.

எவ்வளவு வலி தாங்கலாம்? பத்துக்கு நான்கு ஐந்து என்று சொல்கிற வலியோடு செய்யலாம், அது முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்க வேண்டும். மறுநாள் காலை முட்டி முந்தின நாளைவிடப் பருத்திருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். அன்று பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். அளக்கத் தையல்காரர் டேப் போதும். முட்டிச் சிப்பியின் நடுவில் சுற்றி, தினம் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள்.

இரண்டு வாரத்தில் முழு நீட்டலும் 90 டிகிரி மடக்கலும் வந்துவிட்டால் நன்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சமதளத்தில் நடக்க 70 டிகிரி போதும், படி ஏற 90 வேண்டும், தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ அதற்கும் மேல். ஆறாவது வாரத்துக்கும் மூன்றாவது மாதத்துக்கும் இடையில் 110, 120 வருவது வழக்கம். ஆபரேஷனுக்கு முன்பே 80 டிகிரிதான் மடங்கியது என்றால் பின்னாலும் மெதுவாகத்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். ஆறு வாரம் கடந்தும் 90 எட்டவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி ஒன்று உண்டு, அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும். "போகப் போகச் சரியாகும்" என்று ஐந்து மாதம் காத்திருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கதவு பாதி மூடியிருக்கும்.

வாக்கர், படி, குளியல்

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே வாக்கரின் கைப்பிடி இருக்க வேண்டும். நான்கு கால்களிலும் பொத்தான் இருக்கும், ஒரே துளையில் நான்கையும் மாட்டுங்கள். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். முட்டியை மடக்கிப் பாதத்தை முன்விரலால் ஊன்றிப் பழகிவிட்டால் அந்த நடை ஒட்டிக்கொள்ளும். ஒரே மூச்சில் அரை மணி நடப்பதைவிட மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடப்பது நல்லது, நீண்ட நடையின் வீக்கம் மாலையில் தெரியும்.

வாக்கரை எப்போது விடுவது என்று நாள் பார்க்க வேண்டாம். நீட்டிய காலைத் தளராமல் தூக்குகிறாரா, நொண்டாமல் பத்தடி வைக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம். அதன்பின் கைத்தடி, ஆபரேஷன் காலுக்கு எதிர்க் கையில். வலது முட்டி என்றால் இடது கை. முக்கால்வாசிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து எடை கூடுகிறது.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். உடம்பைத் தூக்கும் வேலையும் மெதுவாக இறக்கும் வேலையும் எப்போதும் நல்ல காலுக்கே. ஏறும்போது நீங்கள் அவருக்குப் பின்னால், இறங்கும்போது முன்னால், ஒரு படி கீழே நில்லுங்கள். கைப்பிடி இல்லாத பக்கம் நில்லுங்கள்.

குளிப்பது கிளிப்போ தையலோ எடுத்தபின், பெரும்பாலும் 12 முதல் 14 நாள் கழித்து. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் தள்ளி எடுப்பார்கள். தண்ணீர் புகாத ஒட்டுக்கட்டு போட்டிருந்தால் முன்பே குளிக்கலாம், ஓரம் எங்காவது உரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றுவதுதான் பாதுகாப்பு. தழும்பைத் தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். கிணறு, குளம், ஆறு, கோயில் தெப்பம் எல்லாம் காயம் முழுதாக மூடி டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. மஞ்சள், வேப்பிலை அரைத்துப் போடுவது, பவுடர் தூவுவது எதுவும் வேண்டாம்.

பத்தியம்

ஆபரேஷன் ஆன உடம்பு என்று முட்டை, மீன், கத்தரிக்காய், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி ரசம் சாதத்தில் வைத்துவிடுகிறார்கள், புண் சீழ் வைத்துவிடும் என்று. சீழ் வைப்பது கிருமியால். கத்தரிக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெட்டிய தசையும் தோலும் ஒட்ட புரதம் வேண்டும், பத்தியம் போடுகிற வீட்டில் அதுதான் முதலில் போகிறது. உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 60 கிலோ உள்ளவருக்கு 72 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனில் 20, ஐம்பது கிராம் காய்ந்த கொண்டைக்கடலையை வேகவைத்துச் செய்த சுண்டலில் 10 கிராம். இட்லியும் சாதமும் மீதியில் ஒரு பங்கைக் கொடுக்கும். சைவம் என்றால் பருப்பு, தயிர், பனீர், சுண்டல் என்று நாள் முழுவதும் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரத்தம் குறைந்திருக்கும் என்பதால் இரும்புச் சத்து மாத்திரை எழுதியிருப்பார்கள். காபி, டீ, பாலோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாறோடு நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது அதனால்தான். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் அது வயிற்று ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

சர்க்கரை முதல் வாரத்தில் ஏறும். வலியும் காயமும் ஏற்றும், குமட்டலுக்கும் வீக்கத்துக்கும் தியேட்டரில் கொடுக்கும் ஸ்டீராய்டும் ஓரிரு நாள் ஏற்றும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் தினம் பார்த்து எழுதுங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையில் காயம் ஆறுவதும் தாமதம், கிருமி பிடிப்பதும் சுலபம்.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

திடீரென்று மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமினால் ரத்தம், மயக்கம்: 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காலை வரை பார்ப்போம் என்று இருக்கவே கூடாது.

கெண்டைக்கால் கெட்டியாகி, சூடாகி, அமுக்கினால் வலித்து, காலை உயர்த்திப் படுத்தும் வீக்கம் வடியாமல் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும். முட்டி வீக்கமும் கணுக்கால் வீக்கமும் இரவு படுத்து எழுந்தால் குறையும், அதுதான் வித்தியாசம்.

முதல் இரண்டு மூன்று நாளில் லேசான காய்ச்சல் வரலாம். அதற்குப் பின் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், குளிர் நடுக்கம் வந்தால், காயத்திலிருந்து ஒரு வாரத்துக்குப் பிறகும் நீர் வடிந்தால், குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். இங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது: பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் எழுதி வாங்கிப் போட்டுவிடுவார்கள். வடிதல் சில நாள் நிற்கும், கிருமி உள்ளே உலோகத்தின் மேல் படலமாகப் படிந்துகொள்ளும். அப்புறம் மூட்டு நீரை எடுத்து, அதிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்தாலும் என்ன கிருமி என்று தெரியாமல் போகலாம். முதல் சில வாரத்துக்குள் பிடித்தால் கழுவி, பிளாஸ்டிக்கை மாற்றி, மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தாமதமானால் மொத்தத்தையும் எடுக்க வேண்டிவரும்.

கீழே விழுந்தால், அதன்பின் காலை நீட்டித் தூக்க முடியாமல் போனால், எக்ஸ்ரே எடுக்காமல் நடக்க வைக்காதீர்கள்.

இவையெல்லாம் வழக்கமானவை

தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அளவு தோல் மரத்திருக்கும். முன்னால் குறுக்கே ஓடும் ஒரு சின்ன உணர்ச்சி நரம்பு வெட்டில் அறுபடுவதால் வருவது. ஓராண்டில் பரப்பு சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் அப்படியே இருக்கும். நடையை அது பாதிக்காது.

முட்டி தொட்டால் மற்றதைவிடச் சூடாக இருப்பது ஆறு மாதம் வரை. மாலையானால் வீக்கம் மூன்று நான்கு மாதம். நடக்கும்போது 'டக்' என்று சத்தம்: உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடுவது, வலி இல்லாவிட்டால் பொருட்படுத்த வேண்டாம்.

தூக்கம்தான் பலரை உடைக்கிறது. இரவு இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு கால் வைக்கிற இடம் தெரியாமல் புரள்வார்கள், ஆறு வாரம் வரைகூட. இரவுக்கு ஒரு வேளை வலி மாத்திரையை ஒதுக்கிவைக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள். பகல் தூக்கத்தைக் குறையுங்கள். பக்கவாட்டில் படுக்க வேண்டுமென்றால் இரண்டு கால்களுக்கு நடுவில் நீளத் தலையணை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் "ஏன்தான் பண்ணிக்கிட்டேனோ" என்று சொல்லாதவர்கள் குறைவு. வலி முழுதாகப் போகவில்லை, பார்க்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள், நடை இன்னும் தடுமாறுகிறது. அந்த வாரத்தில் அவரைத் தெருமுனை வரை அழைத்துக்கொண்டு போங்கள். முதல் வாரத்து டேப் அளவையும் இன்றைய அளவையும் காட்டுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பின்

கார் ஓட்டுவது ஆறு வாரம் வாக்கில், சடாரென்று பிரேக்கை அழுத்த முடிகிறது என்று நிறுத்திவைத்த வண்டியில் சோதித்தபின். இரு சக்கர வண்டிக்கு மூன்று மாதமாவது ஆகட்டும். சிக்னலில் ஊன்றும் கால் எது என்பதையும் பார்க்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆறு வாரத்தில் போகலாம், நின்று செய்யும் ஆசிரியர், சமையல், கடை வேலைக்கு மூன்று மாதம்.

சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவது, குந்துவது, மண்டியிட்டுக் கும்பிடுவது: சிலருக்கு முடியும், ஆனாலும் தினசரிப் பழக்கமாக வேண்டாம். ஆழமாக மடங்கும்போது பிளாஸ்டிக்கின் பின்னோரத்தில் எடை குவிந்து தேய்மானம் கூடுகிறது. கோயிலில் நின்று கும்பிடலாம், தொழுகையை நாற்காலியில் தொழலாம், பந்தியில் மேசையைக் கேட்டு வாங்கலாம். மண்டியிடுவது ஆபத்தில்லை என்றாலும் தழும்பில் குத்தும். கீழே விழுந்தால் எழத் தெரிய வேண்டும் என்பதற்காக மெத்தையின் மேல் ஒரு முறை பழகிவைப்பது நல்லது.

பல் பிடுங்குவது, ரூட் கெனால் போன்றவற்றை முதல் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அவசரமென்றால் மூட்டு டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் பல் டாக்டரிடம் மூட்டு மாற்றியதைச் சொல்ல வேண்டும். கால் ஆணி, சேற்றுப்புண், நீர்க்கடுப்பு எதையும் தள்ளிப்போடாதீர்கள். எங்கே இருக்கிற கிருமியும் ரத்தம் வழியாக மூட்டுக்கு வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம்.

விமான நிலையத்தில் கருவி கத்தும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் கையால் சோதித்து அனுப்புவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் எடுப்பவரிடம் உலோகம் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு தாள் விஷயம் மட்டும் மிச்சம். உள்ளே வைத்த ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் உண்டு. ஆபரேஷன் குறிப்பிலோ கேஸ் ஷீட்டிலோ ஒட்டியிருப்பார்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முட்டி உறுப்புகளுக்கு உச்சவிலை நிர்ணயித்தபோது, ஆஸ்பத்திரி பில்லில் உறுப்பின் விலையையும் கம்பெனியையும் தனியே காட்ட வேண்டும் என்றும் சொன்னது. இந்த பில்லையும் ஸ்டிக்கரின் நகலையும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கி, முதல் எக்ஸ்ரேயோடு ஒரே உறையில் வையுங்கள். பதினைந்து இருபது வருஷம் கழித்துப் பிளாஸ்டிக் தேய்ந்து அதை மட்டும் மாற்ற வேண்டிவந்தால், எந்த அளவு, எந்த வகை என்று அந்த டாக்டர் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.